கம்பளிக்காரி ஓடிய பத்து நாள்

சினிமா தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவளால் ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க முடியாது, ஆனால் அதைப் பார்க்க வருகிற ஜனத்தில் ஒருத்தரையும் பார்க்காமல் தப்பிக்க முடியாது. மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவர்களே, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்களே, படியில் தொங்காதே என்று தொண்டை கட்டிப்போன கண்டக்டர்களே, நீங்கள் எல்லாம் என் கட்சி. உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் என்மேல்தான் தப்பு என்பார்கள்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தேன். கம்பெனி வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. அதற்கப்புறம் கிடைத்தது டவுனில் இந்த தியேட்டர் வேலை. டிக்கெட் கிழிப்பது, பெண்களின் கைப்பையைத் திறந்து பார்ப்பது, இரண்டும் என் பொறுப்பு. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு பேய்ப் படம் வந்தது. செத்துப்போன ஒருத்தி கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாக வருவாள். அந்தந்த வீட்டுப் பிள்ளையின் அம்மா குரலில் வாசலில் நின்று கூப்பிடுவாள். கதவைத் திறந்த பிள்ளை அவ்வளவுதான், திரும்பி வராது. ஊரில் எல்லோரும் படத்தின் பெயரை விட்டுவிட்டு கம்பளிக்காரி படம் என்றே சொன்னார்கள். ஏ சர்டிஃபிகேட் படம், பதினெட்டு வயசுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக்கூடாது. முதல் நாள் காலையிலேயே மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "உள்ள ஒரு கொழந்த இருந்து நான் பாத்தன்னா, நீ வெளிய." அந்த வாரம் பார்த்து பள்ளிக்கூடங்களுக்கு மழை லீவு விட்டார்கள். லீவு விட்டதும் மழை நின்றது. ஊரில் இருக்கிற பிள்ளைகள் அத்தனையும் வீட்டில். பெற்றவர்கள் அத்தனை பேரும் என் வாசலில்.

பதினெட்டு முடிந்த பையன்

முதல் காட்சிக்கு ஒருவர் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையன் என் இடுப்பு உயரம். முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. "பதினெட்டு முடிஞ்சி போச்சு மேடம், ஆளுதான் குள்ளம்" என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த தைரியத்தை அவர் வேறு எதற்காவது செலவு செய்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பார்.

நான் குனிந்து பையனிடம் எந்த க்ளாஸ் என்று கேட்டேன். "செகண்ட் பி" என்றான், நல்ல பிள்ளையாக. பின்னால் நின்ற வரிசை எனக்குத்தான் பரிந்து பேசும் என்று நினைத்தேன். "உடும்மா, லீவு நாளு, பாத்துட்டுப் போவட்டும்" என்று நாலு பேர் கத்தினார்கள். அப்பாவுக்கு முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பையன் தலையைத் தடவியபடி சொன்னார்: "படிப்பு ஏறல மேடம். அதே க்ளாஸ்ல பதினோரு வருஷமா உக்காந்துனு கெடக்கான்."

ஏழாம் மாசம்

அன்றைக்கே மதியக் காட்சிக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். வெயில் அடிக்கிறது, அந்தப் பெண் மட்டும் ஆண்கள் போடுகிற மழைக்கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டு மாட்டியிருந்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கேட்காமலேயே புருஷன் "ஏழாம் மாசம்" என்றான். மாசமாக இருக்கிற பெண்ணைப் பேய்ப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிற உன் புத்தியை என்ன சொல்ல என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே டிக்கெட்டை வாங்கினேன்.

வயிறு விக்கியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மறுபடியும் விக்கியது. அப்புறம் இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே வந்து, என் கையிலிருந்த டிக்கெட்டைப் பிடித்து இழுத்தது. கையில் கறுப்பு வளையல் வேறு. ஒரு வயசுக் குழந்தையைத் தொட்டில் பையில் போட்டு மார்போடு கட்டி, மேலே கோட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மூச்சு முட்டிச் செத்துப்போயிருந்தால் கம்பளிக்காரிமேல் பழியைப் போட்டிருப்பார்களோ என்னவோ. புருஷன்காரன் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டாக்டரு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுன்னாரே."

அம்மா இங்கே இருக்கா

மூன்றாம் நாள் கோட்டை விட்டேன். ஒரு அம்மாளின் பையிலிருந்து எலுமிச்சை சாத டப்பாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பத்துப் பதினைந்து காலேஜ் பெண்கள் கும்பலாக உள்ளே போனார்கள். அவர்கள் நடுவில் ஆறு வயசுப் பெண் ஒன்றைத் தள்ளிவிட்டு, நல்லவள் மாதிரி தனியாக டிக்கெட் நீட்டிக்கொண்டு போயிருக்கிறாள் ஒரு தாய்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு கட்டம் வரும். இருட்டு வீடு, சத்தமே இல்லை, கம்பளிக்காரி கதவுக்கு வெளியே நின்று, "கண்ணு, அம்மா வந்திருக்கேன், கதவத் தொற" என்பாள். எழுநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவது வரிசையிலிருந்து கணீரென்று ஒரு பதில்: "பொய் சொல்றா. அம்மா இங்கதான் இருக்கா." பாதிப் பேர் அலறினார்கள், மீதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பால்கனியில் விநியோகஸ்தர் ஆட்களோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் சிரிக்கவில்லை. என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். இன்னொரு கடிதம் எழுத வேண்டி வந்தால் அது ராஜினாமாவாகத்தான் இருக்கும் என்றார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் அந்தத் தாய் மகளோடு பாப்கார்ன் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஏம்மா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். அவள் என்னைவிட ஆத்திரமாகச் சொன்னாள்: "நீங்க ஒழுங்கா செக் பண்ணியிருந்தா நான் ஏன் இவள உள்ள இட்டுனு போவப்போறேன்?"

சொல்தாவுக்குத் துணை

பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, அறுபத்தைந்து வயசு இருக்கும், தொப்பியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக நாலாம் நாள் வந்தார். டிக்கெட்டை நீட்டும்போதே, தான் ஆப்பிரிக்கா பாலைவனத்தில் குண்டுக்கு நடுவில் தூங்கியவன் என்றும், இந்தப் பேயெல்லாம் தனக்குக் கொசு என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை.

இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் இருக்கும். ஹால் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தவர், ஆண்கள் பாத்ரூம் வரை போய், திரும்பி என்னிடம் வந்து, மறுபடியும் பாத்ரூம் வரை போனார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பயம்லாம் இல்ல மதாம், உள்ள லைட்டு கம்மியா எரியுது. நீங்க வெளிய நின்னுனு எதுனா பேசினே இருங்க, நான் வந்துடறேன்."

உண்மைச் சம்பவம்

படம் ஆரம்பிக்கும்போது 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று எழுத்துப் போடுவார்கள். என்ன சம்பவம், எந்த ஊர் என்று படம் எடுத்தவனுக்கே தெரிந்திருக்காது. எங்கள் ஊர் ஜனத்துக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது, போனுக்குப் போன் செய்தி பறந்தது. கம்பளி போர்த்திய ஒருத்தி மயக்க பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், கருவடிக்குப்பம் பக்கம் பார்த்தார்களாம், உஷார், பகிரவும். கூடவே ஒரு போட்டோ. நான் தினமும் பார்க்கிற போட்டோ அது. எங்கள் தியேட்டர் வாசல் போஸ்டரைத்தான் யாரோ படம் எடுத்து, ஓரத்தில் இருந்த கதாநாயகனை வெட்டிவிட்டுப் போட்டிருந்தார்கள்.

நான் குடியிருப்பது கருவடிக்குப்பத்தில். எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பிலும் அது வந்தது, அனுப்பியது எதிர் வீட்டு பேங்க்காரர். மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது, சார், இது சினிமா போஸ்டர், நான்தான் தினமும் அதன் கீழே நிற்கிறேன் என்று சொன்னேன். படித்தவர், கேட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "பொய்யா இருந்தா பரவால்லம்மா. உண்மையா இருந்துட்டா? அதான் எதுக்கும் இருக்கட்டும்னு இன்னும் ஆறு குரூப்ல போட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க

கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு நான் பிசாசாக மாறிவிட்டேன். பால்குடிக் குழந்தை என்றாலும் உள்ளே விடமாட்டேன், யார் கெஞ்சினாலும் மாட்டேன். இனிமேல் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நம்பினேன். ஆறாம் நாள் ஒரு பெண் வந்தாள், கூட நாலு வயசுப் பையன். குழந்தைக்கு அனுமதி இல்லை என்றேன். "சரிக்கா" என்று சொல்லி, பையன் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. நான் வாசலை விட்டு நகர முடியாது. பையன் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கிழித்த டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை முப்பதுக்கு மேல் தெரியவில்லை, முப்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

இந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, மறுநாள் மூன்று பிள்ளைகள். அதற்கு மறுநாள் ஐந்து. ஒரு தாய் பால் பாட்டிலையும் மாற்று ஜட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு தகப்பன், சேட்டை பண்ணினால் ஒரு அடி போடுங்கள் என்று அனுமதி கொடுத்தான். என் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி கூப்பிட்டதும் பிள்ளை போய்விடுகிறதே என்று உள்ளே போய் அழுவதற்காக, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு தாயிடம் கேட்டே விட்டேன், நான் யார் என்று உனக்குத் தெரியுமா, நான் இவனைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டால் என்ன செய்வாய் என்று. அவளுக்குப் படம் ஆரம்பித்துவிடுமே என்ற அவசரம். நடந்துகொண்டே சொன்னாள்: "நீங்க யாரா இருந்தா இன்னாக்கா, யூனிஃபார்ம் போட்டிருக்கீங்கல்ல."

மயக்க பன்

பத்தாம் நாள், சனிக்கிழமை. அந்த நாலு வயசுப் பையன் மறுபடியும் வந்தான். அவன் அம்மாவுக்குப் படம் அவ்வளவு பிடித்துவிட்டது, இரண்டாம் தடவை. அன்றைக்கு வேறு பிள்ளைகள் இல்லை. மூன்றே முக்கால் மணிக்குப் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தான். காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்றான். படம் முடிய இன்னும் பத்து நிமிஷம், எதிரில் பேக்கரி. ஆபரேட்டர் சேகரிடம் வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். தூறல் போட்டது. தோளில் கிடந்த சால்வையை அவன் தலையையும் சேர்த்துப் போர்த்தினேன். அது கறுப்புச் சால்வை. அந்த நேரம் அது எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னை வாங்கி அவன் கையில் கொடுக்கும்போது படம் விட்டது. கம்பளிக்காரியைப் பார்த்த கண்ணோடு எழுநூறு பேர் ரோட்டுக்கு வருகிறார்கள், எதிரில் கறுப்புச் சால்வைக்குள் ஒரு பிள்ளை அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருக்கிறது. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த ஒருவன்தான் முதலில் ஓடிவந்தான். அப்புறம் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒருத்தி என் முடியைப் பிடித்தாள். சால்வையை இழுத்து யூனிஃபார்மைக் காட்டினேன். "இதெல்லாம் கெட்டப்பு" என்றான் ஹெல்மெட்காரன். ஒரு மணி நேரம் முன்னால் என்னிடம் டிக்கெட்டைக் காட்டி இடைவேளைக்கு வெளியே போய் வந்தவன் அவன். பையனிடம் கேட்டார்கள், இது யார் என்று. "டிக்கெட் ஆன்ட்டி" என்றான். உன் அம்மா எங்கே என்றார்கள். தியேட்டரைக் காட்டி, "பேய் பாக்கறா" என்றான். பிள்ளை உளறுகிறது, மயக்க மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்து, அவன் கையிலிருந்த பன்னைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். முதுகில் ஒரு அடி விழுந்தது. நான் செத்தேன் என்றே நினைத்தேன். என் மகள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பையனை யாரோ என் கையிலிருந்து இழுத்தார்கள், அவன் என் கழுத்தை விடவில்லை. அந்தக் கூட்டத்தில் என் பக்கம் நின்றது அவன் ஒருத்தன்தான், அதற்காக அவனை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

சுற்றிலும் செல்போன்கள். தலைகளுக்கு மேலே கையை உயர்த்தி எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். பையன் திடீரென்று அழுகையை நிறுத்தி, ஒரு கையைப் பார்த்து, "அம்மா வளையலு" என்றான். கூட்டம் விலகியது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கை அப்போதும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருந்தது. போனை இறக்கிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மகனை அவள் தேடிக்கொண்டு வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதானாக்கா? போன்ல மூஞ்சி சரியா தெரியல."

இரண்டாவது கடிதம்

ஹெல்மெட்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை, இனிமேல் வேறு கலரில் சால்வை போடச் சொன்னான். நான் ரோட்டைத் தாண்டி வந்தபோது சேகர் வாசலில் இல்லை. என்னைக் காப்பாற்றப் போனாராம், கூட்டத்தில் பின்னாலேயே மாட்டிக்கொண்டாராம். காவலுக்கு ஆள் இல்லாத அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் பிள்ளைகளோடு நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் டார்ச் அடித்து எண்ணினார். ஒன்பது பிள்ளைகள். ரோட்டில் பிள்ளை பிடிக்கிறவளை அடிக்கிறார்கள் என்று தெரிந்தே, அந்தச் சந்தடி சாக்கில் பிள்ளைகளை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆபீஸ் ரூமில் வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். 'கவனக்குறைவாகப் பணியிடத்தை விட்டு அகன்றேன்' என்று எழுதச் சொன்னார். முதுகு எரிந்தது, சட்டைக் கை கிழிந்து தொங்கியது. இந்த வேலை போனால் மாதம் பிறந்ததும் வீட்டில் என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்தும், அவர் சொன்னதை எழுதக் கை வரவில்லை. 'ஒரு குழந்தைக்குப் பசித்தது, பன் வாங்கப் போனேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். வாசலில் அதற்குள் நாலு பேர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போ மாலா, போய் நில்லு. இந்த ஜனத்துக்கு முன்னாடி நிக்க எனக்கு வேற ஆளு கெடைக்காது."

பத்து நாள் வாசலில் நின்று நான் தெரிந்துகொண்டது இதுதான்: எங்கள் ஊரில் பிள்ளை பிடிக்க நினைக்கிற பேய் கம்பளி போர்த்திக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டியதில்லை, யூனிஃபார்ம் போட்டு ஒரு தியேட்டர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும்.